முகமும் முகவரியும்

1

ஆன்லைன் வந்த பிறகு கடை நிலைக்குமா என்ற கேள்வியை இன்று மூன்று தரப்பினர் மூன்று குரலில் கேட்கிறார்கள். முதல் குரல் வணிகர்களுடையது. மே 5 வணிகர் தின மாநாட்டு மேடைகளிலிருந்து வருவது. இரண்டாவது குரல் நம்முடையது. அதாவது எழுதுகிறவர்கள், இடதுசாரிகள், சூழலியல் பேசுகிறவர்கள் ஆகியோருடையது. ‘முகம் பார்த்துப் பேசி வாங்குகிற உறவு போய்விடும், எல்லாம் எந்திரமாகிவிடும்’ என்பது அதன் சாரம். மூன்றாவது குரல் தாழ்ந்து ஒலிக்கிறது, ஆனால் கூர்மையானது: ‘முகம் தெரியாவிட்டால் நல்லதுதானே? முகம் தெரிந்த இடத்தில்தானே எங்களை வெளியே நிற்க வைத்தார்கள்?’

முதல் குரலுக்கு ஒரு நலன் இருக்கிறது. அதை அவர்கள் மறைப்பதுமில்லை. மூன்றாவது குரலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. என்னைத் தொந்தரவு செய்வது இரண்டாவது குரல்தான். ‘மனித முகம்’ என்று நாம் உருகிப் பேசும்போது யாருடைய முகத்தைச் சொல்கிறோம்? விற்கிற முதலாளியின் முகத்தையா, அவரிடம் சம்பளத்துக்கு நிற்கிற பெண்ணின் முகத்தையா, வாங்க வந்து வாசலோடு நிறுத்தப்பட்டவரின் முகத்தையா? இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பி ‘நேருக்கு நேர்’ என்று ஒரு புனிதச் சொல்லாடலை உருவாக்கியிருக்கிறோம். அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்பதே இங்கே முயற்சி.

முதலில் நிலவரம். 2007இல் பெங்களூரில் புத்தகம் விற்கத் தொடங்கிய ஃபிளிப்கார்ட்டின் 77 சதவீதப் பங்குகளை 2018இல் வால்மார்ட் 1600 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அமேசான் 2013 ஜூனில் இங்கே கடை விரித்தது. பல பொருள் சில்லறை விற்பனையில் அந்நிய முதலீட்டை 2012இல் மத்திய அரசு அனுமதித்தபோது தமிழ்நாடு அதை எதிர்த்தது. ‘தெருவில் கடை வைக்காதே’ என்று நாம் தடுத்துக்கொண்டிருந்தபோது அவர்கள் கைபேசிக்குள் கடை வைத்துவிட்டார்கள். சட்டத்தின் கண்ணில் இவை கடைகளே அல்ல. அந்நிய முதலீடு பெற்ற நிறுவனம் தன் சொந்தச் சரக்கை நேரடியாக இணையத்தில் விற்கக்கூடாது. வாங்குபவரையும் விற்பவரையும் இணைக்கிற ‘சந்தை’யாக மட்டுமே இருக்கலாம். சந்தை என்ற சொல்லுக்கு வந்த கதியைப் பாருங்கள்! இத்தனைக்கும் பிறகு இந்நாட்டுச் சில்லறை வணிகத்தின் பெரும்பங்கு இன்றும் கடைகளிடம்தான் இருக்கிறது. அண்ணாச்சி கடையில் க்யூஆர் அட்டை ஒட்டியாகிவிட்டது, வாட்ஸப்பில் பட்டியல் அனுப்பினால் பையன் கொண்டுவந்து கொடுக்கிறான். ஆக ‘ஒன்று போய் இன்னொன்று வரும்’ என்கிற எளிய கதை இங்கே நடக்கவில்லை. நடப்பது வேறு. எது நடக்கிறது என்று பார்க்க, விற்பனை என்ற செயலையே கொஞ்சம் பின்னால் போய் வாசிக்க வேண்டியிருக்கிறது.

2

வீட்டு வாசலுக்குப் பொருள் வருவது புதுசு என்கிறார்கள். புதுசா? அகநானூற்றின் 140ஆம் பாடலில், அம்மூவனார் பாடிய நெய்தல் பாட்டில், உமணர் மகள் ஒருத்தி வளையல் ஒலிக்கக் கைவீசி நடந்து, நெல்லுக்குச் சமமாக உப்பு தருவதாகத் தெருவில் விலைகூறிப் போகிறாள். வீட்டுக் குரல்களுக்குப் பழகிய நாய் இவளுடைய அந்நியக் குரலைக் கேட்டுக் குரைக்கிறது. அவள் மிரள்கிறாள். மிரண்ட அந்தக் கண்களைப் பார்த்த தலைவன் காதல்நோயில் விழுகிறான். சேற்றில் புதைந்த உப்பு வண்டியை அவளுடைய தகப்பனோடு சேர்ந்து இழுக்கிற எருது மூச்சு வாங்குவதைப் போலத் தான் பெருமூச்சு விடுவதாகச் சொல்கிறான்.

எம்.ஏ. வகுப்பில் இந்தப் பாட்டுக்கு உவமை நயம் சொல்லித் தருவார்கள். நயம் இருக்கட்டும். பிரதிக்குள் என்ன நடக்கிறது? ஒரு பெண் வெயிலில் உப்புச் சுமந்து வந்திருக்கிறாள். நாய் குரைக்கிறது. வண்டி சேற்றில் மாட்டியிருக்கிறது. மாடு திணறுகிறது. இத்தனை உழைப்பும் தலைவனின் மூச்சுக்கு உவமையாகக் கரைந்துபோகிறது. வாங்குகிறவன் விற்பவளின் முகத்தைத்தான் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். ஆனால் அந்த முகம் எதற்காக மிரண்டது என்பது அவனுக்கு அக்கறையில்லை. முகத்தைப் பார்ப்பதும் ஆளைப் பார்ப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடப் பழைய சான்று எனக்குத் தெரிந்து தமிழில் இல்லை. இன்றைக்கும் பொட்டலத்தோடு வருகிற பையனைப் பார்த்து நாய் குரைக்கத்தான் செய்கிறது.

அடுத்தது சிலப்பதிகாரம். தமிழ் இலக்கியத்தில் மிகப் பிரபலமான நேருக்கு நேர் விற்பனை எது? கோவலன் மதுரைக் கடைத்தெருவில் பொற்கொல்லனிடம் சிலம்பை விலைபேசியதுதான். இரண்டு பேரும் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டார்கள். கோவலனுக்குத் தெரிந்தது அரண்மனைச் செல்வாக்குள்ள ஒரு தொழில்காரனின் முகம். பொற்கொல்லனுக்குத் தெரிந்தது ஊரில் முகவரி இல்லாத ஓர் அந்நியனின் முகம். ராணியின் சிலம்பை ஏற்கெனவே திருடி வைத்திருந்தவனுக்கு அப்படி ஒரு முகம்தான் தேவைப்பட்டது. இதைவிட முக்கியம் அடுத்த கட்டம். கொல்ல வந்த காவலர்கள் கோவலனின் தோற்றத்தைப் பார்த்து, இவன் கொலைக்குரியவனாகத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். அப்போது பொற்கொல்லன் திருடர்களின் தந்திரங்களைப் பற்றிய நூலறிவை எடுத்து அடுக்குகிறான். கள்வர்கள் இன்னின்ன வகை, இன்னின்னவற்றைத் துணையாகக் கொள்வார்கள் என்று ஒரு வகைப்பாடு. முகம் நிரபராதி என்று சொன்னது, வகைப்பாடு குற்றவாளி என்று சொன்னது. வென்றது வகைப்பாடு.

ஆக, நம் மரபின் சந்தை ‘முகம் பார்த்து நம்புகிற’ இடமாக இருந்தது என்ற கற்பனையை அந்த மரபே ஆதரிக்கவில்லை. முகத்தைப் படிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதுதான் எப்போதும் கேள்வியாக இருந்திருக்கிறது.

3

நவீன காலத்துக்கு வருவோம். கடைக்காரனும் வாங்குபவனும் பேசிப் பேரம் பண்ணி விலையை முடிவு செய்கிற உறவை இணையம் கொன்றுவிட்டதாகச் சொல்கிறோம். அந்தக் கொலை எப்போதோ நடந்து முடிந்துவிட்டது. பாரிஸில் அரிஸ்டீட் பூசிகோ 1852லிருந்து வளர்த்தெடுத்த ‘போன் மார்ஷே’ பேரங்காடியில் விலை எழுதி ஒட்டப்பட்டிருந்தது. யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், வாங்காமலும் போகலாம், பேரம் மட்டும் கிடையாது. 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் ‘பிக்லி விக்லி’ என்ற மளிகைக் கடையைத் திறந்தார். அதில் வாங்குபவரே கூடையைத் தூக்கிக்கொண்டு அலமாரிகளுக்கு நடுவே நடந்து, தானே எடுத்து, கடைசியில் காசு கட்ட வேண்டும். எடுத்துக் கொடுக்கிற ஆள் தேவையில்லை. சென்னையில் இது ‘ஃபுட் வேர்ல்டு’ போன்ற கடைகளாக 1990களில் வந்தபோது நாம் குளிர்சாதனத்தை மட்டும்தான் கவனித்தோம். அலமாரிக்கும் நமக்கும் நடுவே இருந்த ஆள் மறைந்ததைக் கவனிக்கவில்லை. இணையக் கடை அந்த அலமாரியைக் கண்ணாடித் திரைக்குள் தள்ளியிருக்கிறது, அவ்வளவுதான்.

எமிலி ஜோலா 1883இல் வெளியிட்ட ‘பெண்களின் சொர்க்கம்’ என்று பொருள்படும் நாவலில் இந்தச் சண்டை முழுதுமாக இருக்கிறது. ஒரு பக்கம் பிரம்மாண்டமான துணிக்கடை. எதிர்ப்பக்கம் அதன் வெளிச்சத்தில் இருண்டு சாகிற பழைய சிறுகடைகள். நடுவே டெனிஸ் என்ற கிராமத்துப் பெண். சித்தப்பாவின் சின்னக் கடை நொடிந்துகொண்டிருக்க, அவள் பெரிய கடையில் வேலைக்குச் சேர்கிறாள். கூரைக்கடியில் ஓர் அறை, கடைச் சாப்பாடு, நாள் முழுக்க நிற்பது, வியாபாரம் குறைந்தால் வேலைநீக்கம். இன்று நாம் இணையத்தைப் பார்த்துப் பதறுகிற பதற்றத்தை அன்று பேரங்காடியைப் பார்த்துப் பட்டார்கள். ஆனால் ஜோலா விசுவாசமாகப் பதிவு செய்த இன்னொன்றை நாம் மறந்துவிடுகிறோம். அந்தக் கடையில் விற்கப்பட்டது துணி மட்டுமல்ல. விற்பனைப் பெண்ணின் புன்னகையும் நிற்கிற கால்களும் சேர்த்துத்தான் விலைக்குப் போயின.

ஆர்லி ஹோக்‌ஷீல்டு 1983இல் எழுதிய புத்தகத்தில் இதற்கு ‘உணர்ச்சி உழைப்பு’ என்று பெயர் வைத்தார். விமானப் பணிப்பெண்ணின் சிரிப்பு அவளுடையதல்ல, அது நிறுவனத்தின் சரக்கு. தி.நகரில் ‘வாங்கக்கா, உள்ள வாங்க, என்ன பாக்குறீங்க?’ என்று நாளெல்லாம் ஒலிக்கிற குரலும் அதே சரக்குதான். நாம் ‘மனித உறவு’ என்று ஏங்குவதில் பாதி, சம்பளத்துக்கு வாங்கப்பட்ட இந்த உபசாரம். அதை உறவு என்று சொல்ல வேண்டுமானால், மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் போனதும் அந்தப் பெண்ணின் முகம் என்னவாகிறது என்பதையும் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

4

பார்த்து எடுத்த படம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ (2010). தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து ரங்கநாதன் தெருத் துணிக்கடைக்கு ஆளெடுத்துக் கொண்டுவரப்பட்ட பிள்ளைகள், கும்பலாக அடைக்கப்பட்ட தங்குமிடம், நிமிஷக் கணக்கில் சம்பளப் பிடித்தம், உட்காரக் கூடாது என்ற விதி. படத்தின் மெலோடிராமாவைக் குறைசொல்லி அப்போது நிறையப் பேசினோம். கடைசியில் கனி விபத்தில் கால்களை இழப்பதை, ‘இவ்வளவு சோகம் தேவையா?’ என்று கேட்டவர்கள் உண்டு. இப்போது பார்க்கும்போது அந்த முடிவை வேறு மாதிரி வாசிக்கத் தோன்றுகிறது. கால்களைத்தான் அந்தக் கடை ஆரம்பத்திலிருந்தே அவளிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தது. விபத்து அதைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்தது.

நிற்பது ஒரு சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்களுக்குச் சில வருஷங்களைத் தருகிறேன். கடைப் பெண்களுக்கு இருக்கை தரவேண்டும் என்ற சட்டம் இங்கிலாந்தில் 1899இல் வந்தது. பிரான்சில் 1900இல் வந்தது. ஜோலாவின் டெனிஸ் கதை வந்து பதினேழு வருஷம் கழித்து. கேரளத்தில் 2018இல் வந்தது. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்களைத் திரட்டிய ‘பெண்கூட்டு’ அமைப்பும் அதன் விஜியும் அதற்காகப் பல வருஷம் போராட வேண்டியிருந்தது. அவர்கள் முதலில் கேட்டது நாற்காலிகூட இல்லை, கழிப்பறை. தமிழ்நாட்டில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947லிருந்தே இருக்கிறது. அதில் நாற்காலி நுழைய 2021 ஆனது. 74 வருஷம்! முகம் பார்த்து வியாபாரம் செய்த, மனித உறவு தழைத்ததாக நாம் சொல்கிற அந்த 74 வருஷமும் எதிரே நின்றவளின் கால் நம் கண்ணில் படவில்லை. எத்தனை தீபாவளி, எத்தனை ஆடித் தள்ளுபடி, எத்தனை கல்யாணப் புடவை! ‘இன்னும் பத்து காட்டும்மா’ என்று சொன்னவர்கள்தானே நாம் எல்லோரும்?

ஆனாலும் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். கோழிக்கோட்டில் அந்தப் பெண்கள் ஜெயித்ததற்குக் காரணம், அவர்கள் ஒரு தெருவில் இருந்தார்கள். ஒரு கடையில் வேலை செய்பவள் பக்கத்துக் கடைக்காரியைப் பார்க்க முடிந்தது, பேச முடிந்தது. வாங்க வந்தவர்கள் அவர்களைப் பார்க்க முடிந்தது. முதலாளிக்கு ஒரு வாசல் இருந்தது. அந்த வாசலில் போய் நிற்க முடிந்தது. இதை மறந்துவிடாமல் அடுத்த விஷயத்துக்குப் போகலாம்.

5

அடுத்தது மூன்றாவது குரல். 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் ஒரு பெட்டிக்கடை. தின்பண்டம் வாங்க வந்த தலித் குழந்தைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு, உங்களுக்குக் கொடுக்க மாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் சொல்கிறார். அந்தக் காட்சி வீடியோவாகப் பரவியது. கைது நடந்தது, கடைக்குச் சீல் வைத்தார்கள்.

இது நேருக்கு நேர் விற்பனை இல்லையா? முகம் தெரிந்த உறவு இல்லையா? அந்தக் கடைக்காரருக்கு அந்தக் குழந்தைகளின் முகம் தெரியும், அப்பன் யார் என்று தெரியும், எந்தத் தெரு என்று தெரியும். தெரிந்ததால்தான் மறுக்க முடிந்தது. கடைக்கு வெளியே நின்று வாங்கு, காசைக் கீழே வை, பொட்டலத்தைத் தூக்கிப் போடுகிறேன் பிடித்துக்கொள் என்பதெல்லாம் நம் கிராமங்களின் நேருக்கு நேர் வணிகத்தின் விதிமுறைகளாக இருந்தவை. ரெட்டைக் குவளை இருந்த டீக்கடையும் மனித முகத்தோடு நடந்த வியாபாரம்தான். மனித முகம் போய்விடுமே என்று ஏங்குகிற நண்பர்கள், பாஞ்சாகுளத்துக் குழந்தைகளிடம் போய் இதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘அண்ணாச்சி கடை’ என்று நாம் சொல்கிற அந்த அமைப்பே ஒரு மறுப்பிலிருந்து பிறந்தது. 19ஆம் நூற்றாண்டில் கோயிலுக்குள் நுழையத் தடுக்கப்பட்ட நாடார் சமூகம் விருதுநகரிலும் சிவகாசியிலும் பேட்டைகள் அமைத்து, உறவின்முறையும் மகமையும் கண்டு, அந்தக் காசில் பள்ளிகள் கட்டி மேலே வந்தது. கடை அவர்களுக்கு வெறும் லாபக்கணக்கல்ல, மானத்தின் கணக்கு. எனவே அந்நிய மூலதனம் அதை விழுங்க வரும்போது அவர்கள் கொதிப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மறுக்கப்பட்ட ஒரு சமூகத்தின் விடுதலைக் கருவியாக இருந்த கடை, அதற்கும் கீழே தள்ளப்பட்டவர்களுக்கு விடுதலையாக இருந்ததா என்ற கேள்வியை அந்த நியாயத்தால் அடைத்துவிட முடியாது. தி.நகர்த் தங்குமிடங்களில் அடைக்கப்பட்ட பிள்ளைகளுக்காகவும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

அப்படியானால் மூன்றாவது குரல் சொல்வதுபோல் இணையம் விடுதலையா? திரையில் ‘வாங்கு’ பொத்தானை அழுத்தும்போது என்ன சாதி என்று யாரும் கேட்பதில்லை. மட்டமான துணியை மட்டும் எடுத்துப் போட்டுக் காட்டுகிற அவமானம் இல்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளலாமா வேண்டாமா என்று தயங்க வேண்டியதில்லை. இந்த நிம்மதியை நான் சாதாரணமாக எடைபோட மாட்டேன். கடைக்குள் எப்போதும் மரியாதையாக வரவேற்கப்பட்டவர்களுக்கு இதன் மதிப்பு புரியாது.

ஆனால் இணையம் முகத்தைக் கேட்காமல் எதைக் கேட்கிறது? முகவரியைக் கேட்கிறது. நம் ஊரில் முகவரி என்பது என்ன? ஊர், தெரு, காலனி. இதில் கடைசிச் சொல்லின் பாரம் எவ்வளவு என்றால், 2025 ஏப்ரலில் தமிழ்நாடு முதலமைச்சர் ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவிக்க வேண்டியிருந்தது. 1972இல் வந்த பின்கோடுக்குச் சாதி தெரியாதுதான். பின்கோடு முடிகிற இடத்திலிருந்து வாசல்வரைக்கும் உள்ள கடைசி ஒரு கிலோமீட்டருக்குத் தெரியும். ‘ஊருக்குள்ளயா, காலனியா?’ என்று வழி கேட்கிற போன் குரலுக்குத் தெரியும். முகம் மறைந்த இடத்தில் முகவரி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

6

இப்போது மறுபக்கம். விற்பவரின் முகம் எங்கே போனது? அது மறையவில்லை. இரண்டாகப் பிளந்திருக்கிறது.

ஒரு பாதி கிடங்குக்குள் போய்விட்டது. 2024இல் ஹரியானாவின் மானேசரில் ஒரு பெரும் இணைய வணிக நிறுவனத்தின் கிடங்கில், இலக்கு முடியும்வரை தண்ணீர் குடிக்கவோ கழிப்பறைக்கோ போக மாட்டோம் என்று தொழிலாளர்களை உறுதிமொழி எடுக்கவைத்ததாகச் செய்தி வந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் தானாகவே அதைக் கையிலெடுத்தது. கோழிக்கோட்டுப் பெண்கள் எதற்காகத் தெருவில் இறங்கினார்களோ அதே கழிப்பறை! கடை மாறியது, கழிப்பறை மாறவில்லை. ஒரு வித்தியாசம் உண்டு: மிட்டாய்த் தெருவில் நடந்தால் பத்துப் பேர் பார்ப்பார்கள், கிடங்கில் யார் பார்ப்பது? நகரத்துக்குள் பத்து நிமிஷத்தில் பொருள் தருவதற்கென்று உண்டாக்கப்பட்ட சிறு கிடங்குகளுக்கு ‘டார்க் ஸ்டோர்’ என்றே பெயர். தமிழில் சொன்னால் இருட்டுக்கடை. நெல்லையப்பர் கோயில் எதிரே மங்கலான விளக்கில் அல்வாவுக்கு முண்டியடிக்கிற கூட்டம்தான் நமக்குத் தெரிந்த இருட்டுக்கடை. இந்தப் புது இருட்டுக்கடையில் கூட்டமே கிடையாது. வாங்குபவர் உள்ளே வரக்கூடாது என்பதே அதன் இலக்கணம்.

இன்னொரு பாதி வண்டியில் ஏறி நம் வாசலுக்கு வருகிறது. கவனியுங்கள், இங்கே நேருக்கு நேர் என்பது ஒழியவே இல்லை. ‘அக்கா, ஓடிபி சொல்லுங்க’, ‘சார், அஞ்சு ஸ்டார் போட்டுருங்க’ என்று ஒருவர் நம் முன்னால் நிற்கத்தான் செய்கிறார். முன்பு கடைக்காரர் உள்ளே உட்கார்ந்திருக்க நாம் நின்றோம். பிறகு நாம் உட்கார்ந்திருக்க விற்பனைப் பெண் நின்றாள். இப்போது நாம் வீட்டுக்குள் இருக்க அவர் வெளியே நிற்கிறார். நிற்பவர் மாறிக்கொண்டே வந்திருக்கிறார், நிற்பது மாறவில்லை. அவருடைய பெயர், படம், வரைபடத்தில் அவர் ஊர்ந்துவருகிற புள்ளி எல்லாம் நமக்குத் தெரிகின்றன. 2019இல் ஜபல்பூரில் ஒருவர், உணவு கொண்டுவருபவர் இந்து இல்லை என்பதற்காக ஆர்டரை ரத்து செய்து அதை ஊருக்கே அறிவித்தார். திரையில் தெரிந்த பெயர் ஒன்றே அதற்குப் போதுமானதாக இருந்தது. முகமறியாமை வாங்குகிறவருக்கு மட்டும்தான் தரப்பட்டிருக்கிறது, கொண்டுவருகிறவருக்கு இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ‘டெலிவரி ஆட்கள் இந்த லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது’ என்று அறிவிப்புப் பலகைகள் இருக்கின்றன. டீக்கடையின் ரெட்டைக் குவளை ரெட்டை லிஃப்டாக மாடியேறியிருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

மொழியைப் பாருங்கள். கடையில் அவர் ‘சிப்பந்தி’, ‘கடைப்பையன்’. அந்தச் சொற்களில் இழிவு உண்டு, ஆனால் வேலைக்காரர் என்ற ஒப்புதலும் உண்டு. செயலி அவரைப் ‘பார்ட்னர்’ என்கிறது. பங்காளி! பங்கு எங்கே என்று கேட்கக்கூடாது. 2020இல் நிறைவேறி 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இவர்களை வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்பவர்கள் என்றே வரையறுக்கிறது. ஏதோ நலநிதி உண்டு. ஆனால் முதலாளி என்று ஒருவர் இல்லை. மனிதர்களுக்கு இடையிலான உறவு பொருள்களுக்கு இடையிலான உறவாகத் தோற்றம் கொள்கிறது என்று மார்க்ஸ் ‘மூலதன’த்தில் (1867) சொன்னார். இங்கே அதற்கும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். உறவே கிடையாது என்று சட்டத்தில் எழுதிவிட்டார்கள்.

என் பார்வையில் உண்மையான இழப்பு இங்கேதான் இருக்கிறது. பாஞ்சாகுளத்துக் கடைக்காரர் மறுத்தபோது அந்த மறுப்புக்கு ஒரு முகம் இருந்தது, ஒரு வாசல் இருந்தது. வழக்குப் போட முடிந்தது, கைது செய்ய முடிந்தது. செயலி ஒருவரின் ஐடியை முடக்கும்போது அந்த மறுப்புக்கு முகம் எது? ‘உங்கள் பகுதிக்கு இந்தச் சேவை இல்லை’ என்று திரையில் ஒரு வரி வரும்போது யாருடைய சட்டையைப் பிடிப்பது? கோவலனைக் கொன்ற வகைப்பாட்டை வாயால் சொல்ல ஒரு பொற்கொல்லனாவது இருந்தான். கண்ணகி போய் நியாயம் கேட்க ஒரு வாயில் இருந்தது, அதில் ஒரு வாயிற்காவலன் இருந்தான், உள்ளே ஒரு பாண்டியன் இருந்தான். இன்றைய வகைப்பாட்டுக்கு வாயில் கிடையாது. நாம் இழந்துகொண்டிருப்பது வணிகத்தின் கனிவான முகத்தை அல்ல, அது எப்போதும் பெரிதாக இருந்ததில்லை. அதிகாரத்தின் அடையாளம் காணக்கூடிய முகத்தைத்தான் இழந்துகொண்டிருக்கிறோம்.

7

எனவே, ‘இணையம் கடையை ஒழித்துவிடுமா?’ என்ற கேள்விக்கு என் பதில்: ஒழிக்காது. துணியைத் தொட்டுப் பார்க்க வேண்டும், கத்திரிக்காயைத் திருப்பிப் பார்க்க வேண்டும், மாசக் கடைசியில் நோட்டில் எழுதிவைக்கச் சொல்ல வேண்டும். இந்தத் தேவைகள் இருக்கும்வரை கடை இருக்கும். ஆனால் கடை பிழைப்பதே நம் வெற்றி என்று கணக்கு வைத்துக்கொண்டால், 74 வருஷம் நின்றவளை மறுபடியும் நிற்க வைத்துவிட்டுத்தான் கைதட்டுவோம்.

கேள்வியை மாற்ற வேண்டும். எங்கே விற்றாலும், விற்பவர் உட்கார முடியுமா? கழிப்பறைக்குப் போக முடியுமா? அவரை வேலையிலிருந்து நீக்கியது யார் என்று பெயர் சொல்லிக் கேட்க முடியுமா? வாங்க வருபவர் எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் மறுக்கப்படாமல் இருக்க முடியுமா? இந்த நாலு கேள்விக்கும் பதில் சொல்லாத கடையும் வேண்டாம், செயலியும் வேண்டாம்.

சில அடையாளங்கள் தென்படுகின்றன. ராஜஸ்தான் 2023இலும் கர்நாடகம் 2025இலும் செயலித் தொழிலாளர்களுக்காகச் சட்டம் இயற்றின. தமிழ்நாடு 2023இல் நலவாரியம் அமைத்தது. சென்னை மாநகராட்சி 2025இல் இவர்களுக்காகக் குளிரூட்டப்பட்ட ஓய்வறைகளைத் திறந்தது. வெயிலில் அலைகிறவருக்கு உட்கார ஓர் இடம், தண்ணீர், கழிப்பறை. இதை நான் ஏளனம் செய்யவில்லை. மிட்டாய்த் தெருவின் போராட்டமும் கழிப்பறையில்தான் தொடங்கியது. ஓய்வறையில் பத்துப் பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பேசுவார்கள். ‘உன் ஐடியையும் முடக்குனானா? எதுக்காம்?’ என்று ஒருவர் இன்னொருவரைக் கேட்பார். தெருவில் இருந்து கலைக்கப்பட்டவர்கள் மறுபடி ஓர் இடத்தில் சேர்வதற்கு அது ஒரு வழி. ஆனால் அந்த நாற்காலியைப் போட்டது மாநகராட்சி, நம் வரிப்பணத்தில். லாபம் எடுக்கிற நிறுவனம் போட்டதல்ல. சங்கங்கள் அடுத்துக் கேட்க வேண்டியது அதைத்தான்.

எழுதுகிறவர்களான நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. உப்பு விற்றவளின் கண்ணை மட்டும் பாடிய மரபு நம்முடையது. மனித முகம் பற்றி உருகி எழுதுவதை நிறுத்திவிட்டு, எருது எந்தச் சேற்றில் மாட்டியிருக்கிறது, வண்டி யாருடையது, உப்பின் விலையை யார் தீர்மானிக்கிறார்கள் என்று எழுதத் தொடங்கலாம். வாசலில் நிற்கிறவரிடம் ஓடிபி சொல்வதோடு நிற்காமல், ‘தண்ணி குடிக்கிறீங்களா? ஒரு நாளைக்கு எத்தனை ஆர்டர், என்ன தர்றான்?’ என்று கேட்டால் அந்தக் கட்டுரைக்கான தகவல் கிடைக்கும்.